ஜனவரி இலக்குகள்: ஆசிரியர் தனக்கும் வகுப்புக்கும் எழுதிக்கொள்வது எப்படி?

ஜனவரி பிறந்ததும் புது டைரியில் ஆசிரியர்கள் எழுதும் பட்டியல் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். எல்லாப் பிள்ளைகளையும் சரளமாகப் படிக்கவைப்பேன், நோட்டுகளை அன்றன்றே திருத்துவேன், தினமும் நடைப்பயிற்சி போவேன், கோபப்பட மாட்டேன். தைப்பூசம் வருவதற்குள் அந்தப் பக்கம் மறந்துபோய்விடும். சோம்பல்தான் காரணம் என்று தங்களையே திட்டிக்கொள்கிறார்கள். நான் பார்த்தவரை காரணம் வேறு. டைரி டிசம்பர் வரை ஓடும். கையில் இருக்கும் வகுப்பு ஏப்ரலில் கலைந்துவிடும். மூன்று மாதம் மட்டுமே மிச்சமுள்ள வகுப்புக்குப் பன்னிரண்டு மாத இலக்கு எழுதினால் எங்கே நிறைவேறும்?

தமிழ்நாட்டில் தொடக்க, நடுநிலை வகுப்புகள் எடுப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் எடுப்பவர்களுக்கு ஜனவரி என்றாலே திருப்புதல் தேர்வுதான். அவர்கள் 2, 7, 8 ஆகிய பகுதிகளை மட்டும் படித்தால் போதும். மற்றவர்கள் வரிசையை மாற்றாமல் போங்கள். புதிதாக வேலைக்கு வந்தவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் நான்காவது படியை முதலில் செய்வதால்தான்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

பள்ளி நாட்காட்டி, வருகைப் பதிவேடு, ஒரு 40 பக்க நோட்டு, பென்சில். இவற்றோடு டிசம்பரில் நடந்த தேர்வின் விடைத்தாள்களும் வேண்டும். மதிப்பெண் பட்டியல் போதாது. கணக்கில் 38 வாங்கிய இரண்டு பிள்ளைகள் இரண்டு வெவ்வேறு இடங்களில் தடுமாறியிருப்பார்கள், பட்டியலில் அது தெரியாது. தாள்களைப் பிள்ளைகளிடம் திருப்பிக் கொடுத்துவிட்டீர்கள் என்றால் பள்ளி திறந்த முதல் நாளே கேட்டு வாங்கிவிடுங்கள். பொங்கலுக்கு வீடு சுத்தம் செய்யும்போது பழைய தாள்கள் எல்லாம் எடைக்குப் போய்விடும்.

1. முதலில் நாட்களை எண்ணுங்கள்

இலக்கை எழுதுவதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும். எத்தனை நாள் இருக்கிறது என்று தெரியாமல் எவ்வளவு செய்யலாம் என்று முடிவு செய்ய முடியாது.

அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்தால் பொங்கலுக்கு முன் ஏழெட்டு வேலை நாட்கள்தான் கிடைக்கும். இந்த நாட்களில் எந்த இலக்கையும் தொடங்காதீர்கள். தொடங்கிய வேகம் பொங்கல் விடுமுறையோடு போய்விடும். பிள்ளைகளும் திரும்பி வந்து முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள். இந்த ஏழெட்டு நாளைச் சோதித்துப் பார்ப்பதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இலக்கு தொடங்கும் நாள் பொங்கல் விடுமுறைக்கு அடுத்த வேலை நாள்.

அந்த நாளிலிருந்து மார்ச் கடைசி வரை காலண்டரில் எண்ணினால் ஏறத்தாழ 50 வேலை நாள் வரும். அதில் குறுவள மையப் பயிற்சி (சுற்றுவட்டாரப் பள்ளி ஆசிரியர்களுக்குச் சேர்த்து நடப்பது), விளையாட்டு விழா, ஆண்டு விழா ஒத்திகை, வளரறித் தேர்வுகள் (பருவத்தின் நடுவே வைக்கும் சிறு மதிப்பீடுகள்), உங்கள் சொந்த விடுப்பு எல்லாவற்றையும் கழியுங்கள். ஆண்டு விழா ஒரு நாள்தான், ஆனால் நடன ஒத்திகை ஒரு வாரத்தை மதியத்துக்கு மேல் தின்றுவிடும். அதையும் சேர்த்தே கழிக்க வேண்டும். தேர்தல் வரும் ஆண்டானாலோ கணக்கெடுப்புப் பணி வந்தாலோ இன்னும் குறையும். மிஞ்சுவதை 40 நாள் என்று வைத்துக்கொள்வோம்.

நாளுக்கு 20 நிமிடம் ஒதுக்கினால் 800 நிமிடம், அதாவது 13 மணி 20 நிமிடம். உங்கள் வகுப்பு இலக்குக்கு உண்மையில் இருப்பது இவ்வளவுதான். இந்த எண்ணை நோட்டின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதிவைத்தால், பின்னால் ஆசை மீறும்போது அதுவே கையைப் பிடித்து நிறுத்தும்.

அடிக்கடி நடக்கும் தவறு: ஏப்ரலையும் சேர்த்து எண்ணிவிடுவது. ஏப்ரலில் தேர்வும் பதிவேடு முடிக்கும் வேலையும் இருக்கும், புதிதாக எதையும் கற்பிக்க நேரம் கிடைக்காது.

2. உங்களுக்கான நேரத்தை இப்போதே ஒதுக்குங்கள்

வகுப்பு இலக்கை முடிவு செய்துவிட்டுச் சொந்த விஷயத்துக்கு வரலாம் என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். அப்படி வந்தால் கிடைப்பது இரவு பத்து மணிக்கு மேல் இருக்கும் நேரம்தான். அந்த நேரத்தில் யாரும் நடக்கப் போவதில்லை, புத்தகத்தைத் திறப்பதும் இல்லை. அதனால் என்ன செய்யப்போகிறோம் என்று முடிவாகாவிட்டாலும், எப்போது என்பதை இந்தப் படியிலேயே குறித்துவிட வேண்டும்.

வாரத்தில் இரண்டு மாலை, சனி ஞாயிறில் ஏதாவது ஓர் அரை நாள். இதற்கு மேல் ஆசைப்படாதீர்கள். அந்த இரண்டு மாலையும் பள்ளி வேலை வீட்டுக்கு வராது என்பதுதான் நிபந்தனை. வட்டார வாட்ஸ்அப் குழுவில் இரவு எட்டரைக்கு "உடனடியாக விவரம் அனுப்பவும்" என்று வரும். அவசரம் என்றால் போனில் கூப்பிடச் சொல்லித் தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே பேசிவையுங்கள். உண்மையான அவசரம் எவ்வளவு குறைவு என்று ஒரே மாதத்தில் தெரிந்துவிடும்.

இதே உட்காரலில் தற்செயல் விடுப்பையும் பிரித்துக்கொள்ளுங்கள். அரசுப் பள்ளியில் காலண்டர் ஆண்டுக்கு 12 நாள், ஜனவரி 1 அன்று கணக்குப் புதிதாகத் தொடங்கும். புது ஆண்டுதானே என்று ஜனவரி, பிப்ரவரியில் உறவினர் கல்யாணங்களுக்கே ஆறேழு நாளை எடுத்துவிட்டு, நவம்பரில் பிள்ளைக்குக் காய்ச்சல் வரும்போது கையைப் பிசைகிறவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள். ஏப்ரல் வரை 4, ஜூன் முதல் டிசம்பர் வரை 8 என்று பிரிப்பது நல்லது. ஆண்டின் நீளமான பகுதி ஜூனுக்குப் பின்னால்தான் இருக்கிறது.

3. ஒவ்வொரு பிள்ளையும் எங்கே நிற்கிறது என்று பாருங்கள்

இந்த வழிகாட்டியில் அதிக நேரம் பிடிக்கும் படி இது. பொங்கலுக்கு முந்திய ஏழெட்டு நாளும் இதற்குத்தான். இதைத் தாண்டிப்போனவர்களின் இலக்கு பெரும்பாலும் "பின்தங்கிய மாணவர்களை முன்னேற்றுதல்" என்று ஒற்றை வரியாக நின்றுவிடும். எதில் பின்தங்கியிருக்கிறார்கள் என்றே தெரியாமல் எதைச் சொல்லிக்கொடுப்பது?

வாசிப்பைச் சோதிக்கப் பாடப்புத்தகத்தை எடுக்காதீர்கள். பல பிள்ளைகள் பாடத்தைக் காதால் கேட்டே மனப்பாடம் செய்திருப்பார்கள். விரல் ஒரு வரியில் இருக்கும், வாய் அடுத்த வரியைச் சொல்லிக்கொண்டிருக்கும். புதிதாக நாலைந்து வரி நீங்களே எழுதுங்கள். உதாரணமாக:

"இரவு முழுக்க மழை. ஆற்றுப் பாலத்தின் மேல் தண்ணீர் ஓடியது. காலை ஆறரை மணிப் பேருந்து வரவில்லை. பூக்கூடையைத் தூக்கிக்கொண்டு அம்மா சந்தைக்கு நடந்தே போனார்."

மற்றவர்களுக்கு எழுதும் வேலை கொடுத்துவிட்டு ஒவ்வொருவராக வராந்தாவுக்குக் கூப்பிடுங்கள். எல்லோர் முன்னிலையிலும் படிக்கச் சொன்னால் கூச்சம் எது, தெரியாமை எது என்று பிரித்துப் பார்க்க முடியாது. ஒரு பிள்ளைக்கு இரண்டு நிமிடம் போதும். 30 பேர் என்றால் ஒரு மணி நேரம். மூன்று நாளாகப் பிரித்துச் செய்யலாம். படிக்கும்போது திருத்தவே கூடாது. இது பழக்கமாகாத ஆசிரியர்களுக்கு ரொம்பக் கஷ்டம், உதட்டைக் கடித்துக்கொண்டாவது உட்காருங்கள். நீங்கள் திருத்தினால் சோதனை பாடமாகிவிடும், பிள்ளையும் உங்கள் முகத்தைப் பார்த்தே படிக்க ஆரம்பிக்கும்.

முடிந்ததும் ஒரே கேள்வி: அம்மா ஏன் நடந்து போனார்? "பேருந்து வரவில்லை" என்று சொல்லிவிடலாம். பேருந்து ஏன் வரவில்லை என்று கேட்டால்தான் பிள்ளை இரண்டு வரிகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கும். கடகடவென்று படித்துவிட்டு இந்த இடத்தில் விழிக்கும் பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் உண்டு.

நோட்டில் ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் மூன்றில் ஒன்றைக் குறியுங்கள்: எழுத்தில் நிற்கிறது, சொல்லில் நிற்கிறது, பொருளில் நிற்கிறது. எழுத்தில் நிற்கும் பிள்ளைக்கு எந்த எழுத்து என்பதையும் எழுதுங்கள். பெரும்பாலும் தடுக்குவது கொம்பில்தான். 'கெ', 'கே' என்று எழுதும்போது குறி முன்னால் வருகிறது, ஒலி பின்னால் வருகிறது. 'கொ', 'கோ' என்றால் எழுத்துக்கு இரண்டு பக்கமும் குறி. இடமிருந்து வலமாகப் படிக்கும் பிள்ளை முதலில் கொம்பைப் பார்த்துத் திகைத்து நிற்கும், அப்புறம் ஏதோ ஒன்றைச் சொல்லும். அடுத்தது ஒற்று: 'பட்டம்' என்பதைப் 'படம்' என்று படித்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும்.

தொடக்க வகுப்புகளுக்கான 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் வகுப்பு எடுப்பவர்களிடம், பிள்ளைகளின் நிலையை வைத்துப் பிரித்த அரும்பு, மொட்டு, மலர் என்ற பிரிப்பு ஏற்கெனவே இருக்கும். அதை நம்பி இந்தச் சோதனையை விட்டுவிடாதீர்கள். அரும்பில் இருக்கிறான் என்பது தெரிந்தாலும் 'கோ'வில் நிற்கிறான் என்பது அதில் இருக்காது.

கணக்குக்கு ஆளை உட்காரவைக்க வேண்டியதில்லை, விடைத்தாளே பேசும். 503-இலிருந்து 178-ஐக் கழிக்கச் சொன்னால் விடை 325. ஒரு பிள்ளை 475 என்று எழுதியிருக்கும். எட்டிலிருந்து மூன்று, ஏழிலிருந்து பூஜ்யம் என்று எங்கே பெரிய எண் இருக்கிறதோ அங்கிருந்து சின்னதைக் கழித்துவிட்டது. இன்னொன்று 335 என்று எழுதியிருக்கும். அதற்குக் கடன் வாங்கத் தெரியும். பூஜ்யத்தைப் பத்தாக மாற்றியதும் தெரிகிறது, அந்தப் பத்திலிருந்து ஒன்றை ஒன்றாமிடத்துக்குக் கொடுத்ததைத்தான் மறந்துவிட்டது. இரண்டுக்கும் சிவப்பு மையில் ஒரே பெருக்கல் குறிதான் போட்டிருப்போம். முதல் பிள்ளை குச்சிக் கட்டும் தனிக் குச்சியும் வைத்துத் தொடங்க வேண்டும், இரண்டாவதற்கு நடுவில் பூஜ்யம் வரும் பத்துக் கணக்கே போதும்.

4. வகுப்புக்கு ஒரே ஓர் இலக்கை எழுதுங்கள்

இப்போதுதான் பேனாவை எடுக்க வேண்டும். ஓர் இலக்கு போதும். 13 மணி நேரத்தில் வாசிப்பையும் கழித்தலையும் கையெழுத்தையும் ஒழுக்கத்தையும் சேர்த்துச் சரிசெய்ய முடியாது.

எந்த இலக்கு என்பதை உங்கள் நோட்டே சொல்லும். எந்த இடத்தில் அதிகம் பேர் நிற்கிறார்களோ அதுதான். இலக்கு வரியில் யார், எதை, எப்போதைக்குள், எப்படித் தெரியும் என்ற நான்கும் இருக்க வேண்டும். "ஐந்தாம் வகுப்பில் கொம்பில் நிற்கும் 9 பேரும், மார்ச் மூன்றாம் வாரத்துக்குள், இதுவரை பார்க்காத ஐந்து வரிப் பத்தியைக் கொம்பு எழுத்தில் நிற்காமல் படிப்பார்கள்." இவ்வளவுதான். "ஆர்வத்தைத் தூண்டுதல்", "தன்னம்பிக்கையை வளர்த்தல்" போன்ற சொற்கள் ஆய்வுக்கு வரும் அலுவலருக்குப் பிடிக்கலாம், ஆனால் மார்ச்சில் நடந்ததா இல்லையா என்று உங்களால் சொல்ல முடியாது.

நூறு சதவீதம் என்று எழுதும் பழக்கத்தையும் விடுங்கள். பொங்கல் முடிந்ததும் செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் குடும்பத்தோடு போகும் ஊர்கள் உண்டு. பதிவேட்டில் பெயர் இருக்கும், பிள்ளை இருக்காது. போன ஆண்டு பிப்ரவரி வருகைப் பதிவேட்டைப் பார்த்தால் யார் யார் வீட்டில் இது நடக்கும் என்று ஓரளவு தெரியும். அந்தப் பிள்ளைகளுக்கு ஜனவரிக் கடைசிக்குள் என்ன சொல்லிக்கொடுக்க முடியும் என்று தனியாக ஒரு வரி எழுதுங்கள்.

நன்றாகப் படிக்கும் பிள்ளைகளை விட்டுவிடுவதா என்று கேட்பீர்கள். அவர்களுக்கு மூன்றாம் பருவப் பாடம் வழக்கம்போல நடக்கத்தான் போகிறது. இந்த 20 நிமிடத்தில் அவர்களுக்கும் வேலை இருக்கிறது, அடுத்த படியில் வரும்.

5. இலக்கை 20 நிமிடமாக மாற்றுங்கள்

நாளின் எந்த 20 நிமிடம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். காலையில் வருகைப் பதிவைச் செயலியில் ஏற்றி முடித்த உடனே என்பது என் பரிந்துரை. பதினோரு மணிக்கு மேல் ஏதாவது விவரம் கேட்டு அலுவலகத்திலிருந்து அழைப்பு வரும். மதிய உணவுக்குப் பின் பிள்ளைகளின் கண் சொருகும். நேரம் கிடைக்கும்போது பார்த்துக்கொள்வேன் என்று விட்டால் அந்த நேரம் கிடைக்கவே கிடைக்காது.

கொம்பு இலக்கை எடுத்துக்கொண்டால் ஒரு நாள் இப்படிப் போகும்.

முதல் ஐந்து நிமிடம், கரும்பலகையில் ஒரு ஜோடிச் சொல்: கொடி, கோடி. நீங்கள் சொல்லச் சொல்ல எழுதவேண்டும், எழுதியதைத் திருப்பிப் படிக்கவேண்டும். எழுதவைப்பதற்குக் காரணம் உண்டு. படிக்கும்போது ஊகித்துத் தப்பித்துவிடலாம். எழுதும்போது கொம்பை ஒற்றையாகப் போடுவதா இரட்டையாகப் போடுவதா என்று பிள்ளையே முடிவு செய்தாக வேண்டும். எடுத்ததும் வாக்கியத்துக்குப் போகாதீர்கள். தொடு, தோடு, பெட்டி, பேட்டி, மெல், மேல், கெடு, கேடு என்று நாளுக்கு ஒன்றிரண்டு ஜோடி போதும். ஒற்றில் நிற்பவர்களுக்குப் படம், பட்டம், பாடு, பாட்டு, குடை, குட்டை, வடம், வட்டம்.

அடுத்த பத்து நிமிடம் இருவர் இருவராக வாசிப்பு. சரளமாகப் படிக்கும் பிள்ளை ஒன்று, தடுமாறும் பிள்ளை ஒன்று. தடுமாறும் பிள்ளைதான் படிக்க வேண்டும், மற்றது கேட்டுக்கொண்டு விரலால் வரியைக் காட்ட வேண்டும். தவறு வந்தால் சரியான சொல்லைச் சொல்லிவிடக் கூடாது, "திருப்பிப் பாரு" என்று மட்டும் சொல்லலாம். இந்த விதியைச் சொல்லாமல் விட்டால் கெட்டிக்காரப் பிள்ளை முழுவதையும் தானே படித்து முடித்துவிடும். நெருங்கிய நண்பர்களையும் பரம எதிரிகளையும் ஜோடி சேர்க்காதீர்கள். முன்னவர்கள் பேசுவார்கள், பின்னவர்கள் கிண்டலடிப்பார்கள்.

கடைசி ஐந்து நிமிடம், நாளுக்கு மூன்று பிள்ளைகள் உங்களிடம் படிக்கட்டும். 9 பேர் என்றால் மூன்று நாளில் ஒரு சுற்று. எங்கே நின்றது என்று நோட்டில் ஒரே சொல் எழுதினால் போதும்.

இதையே வளரறிச் செயல்பாடாகவும் காட்டலாம். 40 மதிப்பெண் வளரறி மதிப்பீட்டுக்கு எப்படியும் செயல்பாடுகள் செய்தாக வேண்டும். அதற்காகத் தனியாகச் சார்ட்டும் வண்ணக் காகிதமும் வெட்டிக்கொண்டிருப்பதைவிட, வாசிப்புப் பதிவையே அந்தக் கோப்பில் வைத்தால் இரட்டை வேலை மிச்சம்.

6. பிள்ளைகளும் தங்களுக்கு ஒன்று எழுதட்டும்

இது சின்ன வேலை. பொங்கலுக்குப் பிறகு ஒரு பாடவேளையில் முடித்துவிடலாம்.

எழுதச் சொன்னால் எல்லோரும் "நான் நன்றாகப் படிப்பேன்" என்றுதான் எழுதுவார்கள். "எதை?" என்று ஒரு முறை கேளுங்கள். "கணக்கை." "கணக்கில் எதை?" மூன்றாவது கேள்வியில் "ஏழாம் வாய்ப்பாட்டைத் தடுக்காமல் சொல்வேன்" என்று வந்து நிற்கும். இரண்டு வாரத்தில் முடியக்கூடியதாக இருக்கட்டும், பிள்ளைகளுக்கு மார்ச் என்பது ரொம்பத் தூரம். முதல் மதிப்பெண் வாங்குவேன் என்று எழுதினால் மாற்றச் சொல்லுங்கள். அது மற்ற பிள்ளைகள் வாங்கும் மதிப்பெண்ணைப் பொறுத்தது.

சுவரில் பெயரோடு ஒட்டாதீர்கள். அழகாகத்தான் இருக்கும், பார்வையிட வருகிறவர்களும் பாராட்டுவார்கள். ஆனால் எட்டாம் வகுப்புப் பிள்ளையின் பெயருக்குக் கீழே "எழுத்துக்கூட்டாமல் வாசிப்பேன்" என்று இருப்பதைக் கூடப் படிப்பவர்கள் படித்துக்காட்டிச் சிரிப்பார்கள். அவரவர் நோட்டின் பின்னட்டைக்குள் எழுதினால் போதும்.

7. நோட்டுத் திருத்தத்தைப் பள்ளிக்குள்ளேயே முடியுங்கள்

இது வகுப்பு இலக்கா சொந்த இலக்கா என்று கேட்டால் இரண்டும்தான். மாலை நேரத்தைத் தின்பதில் முதலிடம் இதற்குத்தான்.

35 நோட்டு, ஒன்றுக்கு மூன்று நிமிடம் என்றால் ஒன்றே முக்கால் மணி நேரம். இதை வெள்ளிக்கிழமை பையில் போட்டு வீட்டுக்குத் தூக்கிப்போய், ஞாயிறு இரவு டிவி பார்த்துக்கொண்டே டிக் அடிப்பதால் யாருக்கும் பயனில்லை. நாளுக்கு 7 நோட்டு என்று பிரித்தால் 21 நிமிடம், வாரத்துக்குள் எல்லோருடையதும் ஒரு முறை வந்துவிடும். எண் 1 முதல் 7 வரை திங்கள், 8 முதல் 14 வரை செவ்வாய் என்று பிள்ளைகளுக்கே சொல்லிவிடுங்கள். தன் நாள் எது என்று தெரிந்தால் அவர்களே முந்தின நாள் உட்கார்ந்து முடித்துவிடுவார்கள்.

பிள்ளையைப் பக்கத்தில் நிறுத்தித் திருத்துவது நல்லது. தவறின் கீழ்க் கோடு போட்டு அங்கேயே மாற்றி எழுதவையுங்கள். நாலு நாள் கழித்துத் திரும்பி வரும் சிவப்புக் கோட்டைப் பெரும்பாலான பிள்ளைகள் பார்ப்பதே இல்லை. எல்லாத் தவறையும் பிடிக்க வேண்டியதும் இல்லை. இந்த மாதம் கொம்பு என்றால் கொம்பு மட்டும். ர, றவும் ல, ள, ழவும் அடுத்த மாதம்.

தலைமையாசிரியருக்கு இந்த முறை தெரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஏன் எல்லா நோட்டிலும் ஒரே தேதியில் கையெழுத்து இல்லை என்ற கேள்வி வரும்.

8. சொந்த இலக்கு: இரண்டுக்கு மேல் வேண்டாம்

இரண்டாவது படியில் ஒதுக்கிவைத்த இரண்டு மாலைக்கும் அரை நாளுக்கும் இப்போது வேலை கொடுக்கலாம். வகுப்பு இலக்கு மார்ச்சில் முடியும். இவற்றுக்கு டிசம்பர் வரை நேரம் இருக்கிறது. அதனால் மே மாத விடுமுறையையும் கணக்கில் சேர்த்தே திட்டமிடுங்கள். எதில் தொடங்குவது என்று தெரியாதவர்கள் இந்த மூன்றில் இரண்டை எடுத்துக்கொள்ளலாம்.

உடம்பு. "தினமும் ஒரு மணி நேரம் நடப்பேன்" என்பதைவிட உங்கள் வேலை உடம்பில் எங்கே கை வைக்கிறது என்று பாருங்கள். ஆசிரியருக்கு முதலில் போவது தொண்டை. சத்தத்துக்கு மேல் சத்தம் போட்டு வகுப்பை அடக்கும் பழக்கத்தை ஒரு கைதட்டல் குறியாக மாற்றுங்கள். நீங்கள் இரண்டு முறை தட்டினால் பிள்ளைகள் மூன்று முறை தட்டிவிட்டு அமைதியாக வேண்டும், ஒரு வாரத்தில் பழகிவிடும். கரும்பலகையை ஈரத் துணியால் துடைத்தால் தூள் பறக்காது. குரல் கம்மியபடியே மூன்று வாரத்துக்கு மேல் போனால் கஷாயத்தை நிறுத்திவிட்டுக் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கழிப்பறை சரியில்லை என்பதற்காகக் காலையிலிருந்து மாலைவரை தண்ணீரே குடிக்காமல் இருக்கும் ஆசிரியைகள் நிறையப் பேர். அப்புறம் சிறுநீர்த் தொற்று, மாத்திரை, விடுப்பு. இவர்கள் டைரியில் "தினமும் இரண்டு லிட்டர் தண்ணீர்" என்று எழுதுவது வீண். தாழ்ப்பாளும் தண்ணீரும் உள்ள கழிப்பறை வேண்டும் என்பதைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தின் தீர்மானப் பதிவேட்டில் ஏற்றுவதுதான் இலக்காக இருக்க வேண்டும். அது பெண் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான்.

படிப்பு. ஆசிரியர் தகுதித் தேர்வு எழுதாமல் பணியில் இருப்பவர்களுக்கு இப்போது வேறு வழியில்லை. 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பின்படி, ஓய்வுக்கு ஐந்து ஆண்டுக்கு மேல் இருப்பவர்கள் இரண்டு ஆண்டுக்குள் தேறியாக வேண்டும். முதல் தாள் 150 மதிப்பெண்: குழந்தை மேம்பாடும் கற்பித்தலும், தமிழ், ஆங்கிலம், கணக்கு, சூழ்நிலையியல் ஒவ்வொன்றுக்கும் 30. இரண்டாம் தாளில் முதல் மூன்றும் 30 வீதம், கணக்கும் அறிவியலும் அல்லது சமூக அறிவியல் 60.

பணியில் இருப்பவர்கள் எல்லாவற்றையும் முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்துப் பாதியில் நிற்பதைப் பார்க்கிறேன். முதலில் ஒரு பழைய வினாத்தாளை நேரம் வைத்து எழுதிப் பாருங்கள். தினமும் கற்பிக்கும் பாடத்தில் உங்களுக்கு ஏற்கெனவே நல்ல மதிப்பெண் வரும். குறையும் இரண்டு பகுதிகளுக்கு மட்டும் அந்த இரண்டு மாலைகளைக் கொடுங்கள். அரை நாளில் வாரம் ஒரு வினாத்தாள். படிக்காமல் மாதிரித் தேர்வு எழுதக் கூச்சப்பட்டுத் தள்ளிப்போடுவதுதான் இதில் பெரிய தடை.

பணம். சேமிப்பு இலக்கை பிப்ரவரியில் தொடங்காதீர்கள். மிச்சமுள்ள வருமான வரிப் பிடித்தம் பெரும்பாலும் அந்த மாதச் சம்பளத்தில் விழும், முதல் மாதமே தவணை தவறினால் மனம் விட்டுவிடும். ஏப்ரலில் தொடங்குங்கள்.

9. யாரிடம் சொல்வது, எப்படிச் சொல்வது

வகுப்பு இலக்கைத் தலைமையாசிரியரிடமும் பக்கத்து வகுப்பு ஆசிரியரிடமும் சொல்லுங்கள். காலை 20 நிமிடத்தில் உங்களை வேறு வேலைக்குக் கூப்பிடாமல் இருக்க இது தேவை. பணியிடைப் பயிற்சிக்கு நீங்கள் போகும் நாளில் பக்கத்து வகுப்பு ஆசிரியர் ஜோடி வாசிப்பை மட்டுமாவது ஓட்டிவிடுவார்.

பெற்றோரிடம் பேசும்போது கவனம் தேவை. "உங்க பையனுக்குப் படிக்கவே வரல" என்று சொன்னால் அன்று இரவு அவனுக்கு அடிதான் கிடைக்கும். அதற்குப் பதில், "ராத்திரி சாப்பிடுறதுக்கு முன்னாடி பத்து வரி சத்தமா படிக்கச் சொல்லிக் கேளுங்கம்மா, உங்களுக்குப் படிக்கத் தெரியாட்டியும் பரவால்ல, பக்கத்துல உட்காருங்க போதும்" என்று ஒரே ஒரு வேலையைச் சொல்லுங்கள். வீட்டில் நடக்கிறதா என்று அடுத்த வாரம் பிள்ளையிடம் கேட்டால் தெரிந்துவிடும். சொந்த இலக்கை வீட்டில் ஒருவரிடம் சொன்னால் போதும், ஆசிரியர் அறையில் அறிவிக்க வேண்டாம்.

10. பதினைந்தாம் நாளும் முப்பதாம் நாளும் சோதியுங்கள்

அதே அளவில் புதுப் பத்தி எழுதி அந்த 9 பேரை மட்டும் மறுபடி படிக்கவையுங்கள். பழைய பத்தியைக் கொடுத்தால் மனப்பாடத்தைத்தான் சோதிப்பீர்கள்.

பதினைந்தாம் நாளில் இரண்டு மூன்று பேர் தாண்டியிருந்தால் சரியாகப் போகிறது. யாருமே நகரவில்லை என்றால் இலக்கு பெரிதாக இருக்கிறது. கொ, கோவை விட்டுவிட்டு கெ, கேவை மட்டும் பிடியுங்கள். இலக்கைக் குறைக்க உங்களுக்கு முழு அனுமதி உண்டு, நடுவில் புதிதாகச் சேர்க்க மட்டும் அனுமதி இல்லை. ஒருவர் மட்டும் எதற்குமே நகரவில்லை என்றால் முதலில் கண்ணையும் காதையும் சந்தேகியுங்கள். பலகையிலிருந்து பார்த்து எழுதும்போது கண்ணைச் சுருக்குகிறதா, பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறதா என்று பாருங்கள். பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் அந்தப் பெயரைத் தனியாகச் சொல்லுங்கள்.

ஒரு வாரம் விட்டுப்போய்விட்டால் சேர்த்துவைத்து ஒரே நாளில் இரண்டு மணி நேரம் நடத்தாதீர்கள். எங்கே விட்டீர்களோ அங்கிருந்து 20 நிமிடம், அவ்வளவுதான்.

11. மார்ச் கடைசியில் ஒரு பக்கம்

தாண்டாத பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களைப் பற்றி ஆளுக்கு மூன்று வரி எழுதி, ஜூனில் அந்த வகுப்பை எடுப்பவருக்கு வைத்துவிட்டுப் போங்கள். "மெல்லக் கற்பவர்" என்று எழுதினால் அவருக்கு ஒன்றும் தெரியாது. இப்படி எழுதலாம்:

"கெ, கே தெரியும். கொ, கோ இன்னும் தடுமாற்றம். 'தோடு' என்பதைத் 'தொடு' என்று படிக்கிறான். சத்தமாகப் படிக்கக் கூச்சம், இருவராக உட்காரவைத்தால் படிப்பான். ஜனவரிக் கடைசி முதல் சூளைக்குப் போய்விட்டு மார்ச்சில்தான் வந்தான்."

ஏப்ரல் கடைசி வேலை நாள் வரை இதைத் தள்ளிப்போடாதீர்கள், அன்று பதிவேட்டு வேலையிலேயே பொழுது போய்விடும். போனில் ஒரு படமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கலந்தாய்வில் உங்களுக்கே மாறுதல் கிடைத்தால் நோட்டைத் தலைமையாசிரியரிடம் கொடுத்து, யாரிடம் சேர வேண்டும் என்பதை அட்டையில் எழுதிவிட்டுப் போங்கள்.